அறை கேட்டவர்களுக்குப் பொங்கல் போட்ட கதை

அன்புமிக்க மாப்பிள்ளை அருண்பிரசாத் அவர்களுக்கு,

மாமனார் சின்னசாமி எழுதுவது. உங்களுக்கும் சிந்துஜாவுக்கும் அண்ணாமலையார் துணை. இங்கே என் மானத்தைத் தவிர அனைவரும் நலம்.

செங்கம் ரோட்டில் நாங்கள் வாடகைக்கு விடும் அறைகளுக்கு நானே இணையதளம் செய்வேன் என்று ஓய்வுபெற்ற கையோடு மார்தட்டினேன் அல்லவா? அப்போது நீங்கள், "ஃபார்ம் போய்ச் சேர வேண்டிய பக்கத்தோட முகவரியை அதுல நேரா எழுதாதீங்க மாமா. ஒவ்வொரு பக்கத்துக்கும் போற வழிக்கு ஒரு பேர் வச்சு, அந்தப் பேரை எழுதுங்க. நாளைக்கு முகவரி மாறினாலும் ஃபார்ம் தானா சரியான இடத்துக்குப் போயிடும்" என்றீர்கள். "வீடு தெரிஞ்சவனுக்குப் பேரு எதுக்கு மாப்ளே?" என்று நான் சிரித்தேன்.

சென்ற வாரம் அறைப்பதிவுக்குப் புது முகவரி கொடுத்துவிட்டு, பழையதை உங்கள் அத்தை வேதாவின் டிபன் ஆர்டருக்கு ஒதுக்கினேன். அறை கேட்கும் படிவத்தில் பழைய முகவரி அப்படியே இருந்தது. இரண்டிலும் பெயர், தேதி, எத்தனை பேர் என்பதே கேள்வி என்பதால், கணினி மறுபேச்சில்லாமல் எல்லோரையும் சமையலறைக்கு அனுப்பிவிட்டது. பௌர்ணமி கிரிவலத்துக்கு ஒரு பதிவுகூட இல்லையே என்று நொந்துபோய், நேரில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் சாவியைக் கொடுத்துவிட்டேன். வேதாவோ, "ஏங்க, டிபன் ஆர்டர் ரொம்ப ஜாஸ்தியா வந்துகீது! பெரிய ஆளுதான் நீங்க" என்று அண்டாவில் பொங்கல் கிண்டினாள். கல்யாணமானதிலிருந்து அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல்முறை. நாற்காலி போட்டு உட்கார்ந்து அனுபவித்தேன்.

பெட்டியும் பிள்ளையுமாக, இணையத்தில் அறை கேட்டிருந்த கூட்டம் வந்து நின்றது. முட்டி ஆபரேஷன் முடிந்து வேண்டுதலுக்கு வந்த கணவரைத் தாங்கியபடி, போளூர் பாஞ்சாலையம்மா, "ரூம் எங்கங்க?" என்றார். வேதா சாம்பார் வாளியோடு, "மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். "சாப்பிட வரலம்மா, இவரு படுக்கணும்." அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேங்கிக்கால், அடி அண்ணாமலை என்று ஸ்கூட்டரில் அலைந்தேன். பௌர்ணமியன்று இந்த ஊரில் காலி அறை கேட்பவனை எல்லோரும் பரிதாபமாகத்தான் பார்க்கிறார்கள். கடைசியில் எங்கள் படுக்கையறையை அவர்களுக்கு விட்டு, மற்றவர்களுக்குக் கூடத்தில் பாய் விரித்தேன். எனக்கு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி ஓரம். கிளம்பும்போது பாஞ்சாலையம்மா, "ரூமு போனா போவுது, பொங்கல் அருமைங்க" என்று வேதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் என்னைப் பார்த்து, "சமையல்காரருங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் அதுவே கௌரவமாக இருந்தது.

இப்போது எல்லா வழிகளுக்கும் பெயர் வைத்தாயிற்று. இனிக் கணினியைத் தொடுவதில்லை என்று மலையைப் பார்த்துச் சத்தியமும் செய்துவிட்டேன். இருவருக்கும் எங்கள் ஆசிகள். இதை உங்கள் ஆபீசில் படித்துக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
சின்னசாமி

பி.கு.: பக்கத்துக் காபிக்கடை வளவன், "உங்க சைட்டால செம கூட்டமாமே சார், எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்றார். ஒப்புக்கொண்டேன். சின்னக் கடை, ஒரே ஒரு படிவம். அதற்குப் போய்ப் பெயர் எதற்கென்று முகவரியை நேராகவே எழுதிவிட்டேன்.