மாடியிலிருந்து நாற்பது ஜிபி

"விநாடிக்குப் பதினோரு எம்பியாம்! பதினோரு எம்பி!"

ஆஸ்டின் மேஜையில் ஓங்கி அடித்தான். மவுஸ் துள்ளிக் கீழே விழுந்தது. அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

அன்று அவன் மாமனார் அமிர்தசாமிக்கும் மாமியார் லூர்துராணிக்கும் திருமணப் பொன்விழா. மாலைப் பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் மேலப்புதூரில் அவன் வீட்டு ஹாலில் கூடுவார்கள். பழைய போட்டோக்களை வைத்து இரண்டு மாதம் மெனக்கெட்டு ஒரு படம் செய்திருந்தான். நாற்பது ஜிபி படம் மாடி அறைக் கம்ப்யூட்டரில் இருந்தது; விழாவுக்கு வந்த மாமனாரும் மாமியாரும் அந்த அறையில்தான் தங்கியிருந்தார்கள். திரையில் காட்ட அது ஹால் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வயர்.

மாமனார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பன்னிரண்டு வருடத்தில் மாப்பிள்ளையிடம் "ம்" என்பதற்கு மேல் உதிர்த்ததில்லை. அந்த மனிதர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆஸ்டினுக்கு. படத்தைப் பற்றி மனைவி ஷெர்லினுக்கு மட்டும் சொல்லியிருந்தான், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு.

இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே வயரை இணைக்கும் பெட்டியை அணைத்துப் போட்டான். பாதி வந்திருந்த படம் போய், மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. இப்போது ஆறு எம்பி.

"நானே மேல போய் எடுத்துட்டு வந்துடறேன்."

ஷெர்லின் படிக்கட்டை மறித்தாள். "அப்பா தூங்குறாருங்க. பொன்விழா அன்னைக்கு எழுப்பி வாங்கிக் கட்டிக்கப் போறீங்களா?"

"எங்க வீட்டு மாடிக்கு நான் போகக் கூடாதா?"

"போங்க. கதவை நீங்களே தட்டுங்க."

தட்டுகிற தைரியம் இல்லை. அந்தக் கோபத்தையும் வயர் மேல் காட்டினான். மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய், நெரிசலில் இடிபட்டு, புது வயர் வாங்கி வந்து பெட்டிக்கும் ஹால் கம்ப்யூட்டருக்கும் நடுவே மாட்டினான். நாலு எம்பி.

வீட்டில் வயர் போட்ட ஜமீலுக்குப் போன் போட்டான்.

"என்னத்தய்யா போட்டே? சணல் கயிறா?"

"முனை லூசா இருக்கும் சார். தொடாதீங்க, நான் வந்து..."

அதற்குள் ஆஸ்டின் சுவரிலிருந்து வரும் வயரின் முனையைக் கத்தரியால் வெட்டிவிட்டான். மொத்தமாக நின்றுபோனது.

ஜமீல் வரும்போது மணி நாலரை. புது முனை போட்டுக் கருவியை வைத்துப் பார்த்தான்.

"வயருக்குள்ள எட்டுக் கம்பியும் சுத்தமா இருக்கு சார். என் வயர்ல கோளாறு இல்ல."

"அப்புறம் ஏன் மூணு எம்பி?"

"படத்தைக் கொடுக்குற மாடிக் கம்ப்யூட்டரு வேற ஏதோ வேலையில இருக்கு."

"அது சும்மா கிடக்குய்யா! ரூம்ல எங்க மாமனார் தூங்குறாரு! வேலை தெரியாம வாய் மட்டும் பேசுறியா?"

கத்தலில் மாடிக் கதவு திறந்தது. லூர்துராணி கைநிறைய பென்டிரைவோடு இறங்கி வந்தாள்.

"ஷெர்லின், ஆறு ஏறிடுச்சு. மிச்சம் ஓடுது..." ஆஸ்டினைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன அத்தை இது?"

"வர்ற சொந்தக்காரங்களுக்குக் கொடுக்குற பையில ஆளுக்கு ஒண்ணு போடலாம்னு மாப்ள. நீங்க செஞ்ச நம்ம படம்தான். ஒவ்வொண்ணா ஏத்துனா நேரமாகும்னு எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஷெர்லின் போட்டுவிட்டா."

ஜமீல் கருவியைப் பையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். ஷெர்லின் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"அப்ப மாமா படத்தைப் பாத்துட்டாரா?" ஆஸ்டின் கத்தினான். "இரண்டு மாசம் அத்தை! எல்லாம் வீணாப் போச்சா?"

"சத்தம் போடாதீங்க மாப்ள, அவருக்குக் கேட்டுடும். காலையிலேருந்து மூணு தடவை பாத்துத் தேம்பித் தேம்பி அழுதுட்டாரு. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதாம், சாயந்தரம் மொதத் தடவை பாக்குற மாதிரி எப்படி அழறதுன்னு இப்பக் கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டிருக்காரு."