வாசலில் நிறுத்தப்பட்ட காய்ச்சல்

வல்லரசுகள் தோற்ற இடத்தில் சாத்தூர் பக்கத்து அச்சங்குளம் வென்றது. 2009இல் மெக்சிகோவில் புறப்பட்டு, விமானம் ஏறி, எந்த நாட்டு அதிகாரிக்கும் அடங்காமல் உலகைச் சுற்றிய பன்றிக் காய்ச்சலை, ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாட்ச்மேன் ஊர்க்காவலன் வாசலிலேயே நிறுத்தினார். அவருடைய ஆயுதங்கள் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு துண்டும். கம்பெனி அப்படித்தான் சொல்கிறது. சொல்வதோடு நிற்காமல் நாலு கலரில் அச்சடித்தும் கொடுத்திருக்கிறது.

காய்ச்சல் வருவதற்கு முன்பும் ஊர்க்காவலன் சும்மா இருந்தவர் அல்ல. காலையில் வேன்கள் வந்து நின்றதும் ஒவ்வொருவராக நிறுத்திச் சோதிப்பார். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் அவரைத் தாண்டாது. மடியைத் தடவுவார். தூக்குவாளியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். சொந்த மகள் பாண்டிமீனாவின் தூக்குவாளியையும் திறந்துதான் பார்ப்பார். காலையில் அதில் குழம்பு ஊற்றிக் கொடுத்தவரே அவர்தான் என்றாலும்.

பாண்டிமீனா உள்ளே சரவெடிக்குத் திரி பின்னுகிறவள். அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். புருஷன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போயிருந்தான். சாத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ் பானுப்பிரியா ஊர்க்காவலனையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்: மாசமாக இருப்பவர்களுக்கு இந்தக் காய்ச்சல் கண்டால் ஒரு நாளும் தள்ளக் கூடாது, அன்றைக்கே வந்து மாத்திரை வாங்கிவிட வேண்டும். அவர் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். தன் வாசலைத் தாண்டி எதுவும் வராது என்பதால் கவலைப்படவில்லை.

செப்டம்பர் பிறந்ததும் சின்ன முதலாளி செழியன் சிங்கப்பூரிலிருந்து திரும்பினார். கூடவே இரண்டு விஷயங்கள் கொண்டுவந்தார். ஒன்று இருமல். மற்றது விழிப்புணர்வு. சிங்கப்பூர் விமான நிலையத்தில் ஒவ்வொருவரையும் நிறுத்திச் சூடு பார்த்தார்களாம். நம் கம்பெனி மட்டும் ஏன் பின்தங்க வேண்டும் என்று கேட்டார். உடனே கூட்டம் போடப்பட்டது.

ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பட்டாசுத் தொழிலின் விதி. ஒருவரிடம் பற்றினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தாவும். அதற்காக அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்த நாலு நாலு பேரும் ஒரே வேனில் நாற்பது பேராக வந்து இறங்குவது விதியில் இல்லை. விழிப்புணர்வுக் கூட்டமும் அதில் இல்லை. எனவே அன்று மொத்தக் கம்பெனியும் பேக்கிங் கொட்டகைக்குள் திரட்டப்பட்டது. கதவு சாத்தப்பட்டது. சின்ன முதலாளி மைக் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசினார், பாதி நேரம் இருமினார். முன்வரிசையில் நின்றவர்களுக்கு அவருடைய கருத்துகள் துளித்துளியாக வந்து சேர்ந்தன.

அடுத்து மேனேஜர் இராமகிருஷ்ணன் நோய் பரவும் விதத்தை விளக்கினார். இருமல், தும்மலில் தெறிக்கும் துளியில் பரவும். துளி பட்ட கையால் மூக்கையும் வாயையும் தொட்டாலும் பரவும். ஆகையால் ஒருவருக்கொருவர் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். கொட்டகையில் அப்படி நின்றால் கடைசி வரிசை சாத்தூரில் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் யாரும் நகரவில்லை.

பிறகு அறிகுறிகளைப் படித்தார். காய்ச்சல், இருமல், தொண்டை வலி, தலைவலி, உடம்பு வலி, அசதி. இதில் ஏதாவது இருப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். கொட்டகை முழுக்கக் கை தூக்கியது.

மேனேஜர் திடுக்கிட்டு, எப்போதிலிருந்து என்று விசாரித்தார்.

"கம்பெனியில சேர்ந்ததுல இருந்து சார்," என்றாள் முன்வரிசையில் நின்ற சின்னத்தாய்.

முதலாளி லட்சுமிகாந்தம் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தாளைப் பார்த்தார். தீபாவளி சீசன் நேரம். வடக்கே லாரிகள் காத்திருந்தன. அங்கேயே அவசர ஆலோசனை நடந்து மருத்துவ அறிவியல் திருத்தப்பட்டது. உடம்பு வலி வேலையால் வருவது, நீக்கப்பட்டது. இருமல் வெடிமருந்துத் தூளால் வருவது, நீக்கப்பட்டது. தலைவலி வெயில், அசதி சோம்பல். எல்லாம் போக மிச்சம் நின்றது சூடு ஒன்றுதான். பட்டாசுக் கம்பெனிக்கு எப்போதும் புரிகிற ஒரே அறிகுறி அதுதான்.

இன்ஃபுளுயென்சாவில் ஏ, பி, சி என்று வகைகள் உண்டு, இப்போது சுற்றுவது ஏ வகையில் ஒன்று என்பதையும் மேனேஜர் மறைக்காமல் சொன்னார்.

"எங்களுக்கு வரதெல்லாம் எது சார்?" என்று கேட்டாள் சின்னத்தாய்.

"சாதா," என்றார் மேனேஜர்.

"சின்ன மொதலாளிக்கு?"

"அது ஏசி சளி. அந்த வகை உங்களுக்கு வராது."

மறுநாள் ஊர்க்காவலன் பதவி உயர்வு பெற்றார். சட்டைப் பையில் 'காய்ச்சல் தடுப்பு அலுவலர்' என்று அட்டை குத்தினார்கள். சாத்தூர் மெடிக்கலில் வாங்கிய தெர்மாமீட்டரை மேனேஜர் இரண்டு கைகளாலும் கொடுத்தார். நுழைகிற ஒவ்வொரு வாயும் சோதிக்கப்பட வேண்டும் என்பது உத்தரவு. சூடு இருந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அப்படிப் போகிறவர் சீசன் முடிந்து வந்தால் போதும். சீசன் முடிந்தால் வேலையும் இல்லை, போனசும் இல்லை என்பதை உத்தரவில் எழுதத் தேவைப்படவில்லை.

தெர்மாமீட்டர் ஒன்று. வாய்கள் பல. ஊர்க்காவலன் சுத்தத்தில் கறாரானவர். ஒரு வாயிலிருந்து எடுத்ததும் தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைப்பார். அதன் பிறகுதான் அடுத்த வாயில் வைப்பார். பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன்கள் வந்து நின்று இந்த நேர்த்தியைப் பார்த்தார்கள். தன் வாழ்க்கையில் இவ்வளவு பேர் தன் முன்னால் வாயைப் பிளந்து நின்றதில்லை என்று ஊர்க்காவலன் அன்றிரவு மகளிடம் பெருமைப்பட்டார்.

முதல் நாள் மூன்று பெண்களுக்குச் சூடு இருந்தது. அவர்கள் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. இரண்டாம் நாள் யாருக்கும் சூடு இல்லை. மூன்றாம் நாள் கம்பெனி வாசலில் குச்சி ஐஸ் முனியராஜ் வண்டியை நிறுத்தினார்.

முனியராஜ் வழக்கமாக மதியம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர். இப்போது காலை ஏழு மணிக்கே இங்கே நின்றார். வேனிலிருந்து இறங்கியதும் உடம்பு கொதிக்கிறவர்கள் ஐஸ் வாங்கி நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முறை வருவதற்குள் ஐஸ் கரைந்துவிடும். வாய் மட்டும் குளிர்ந்து கிடக்கும். தெர்மாமீட்டர் தொண்ணூற்றைந்தைத் தாண்டாது. கொதிக்காதவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று வாங்கினார்கள்.

ஊர்க்காவலனுக்கு இது தெரியும். உதடெல்லாம் ஆரஞ்சுக் கலராக இருந்தால் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அவர் வேலை உதட்டைப் பார்ப்பதல்ல, பாதரசத்தைப் பார்ப்பது. வரிசை வேகமாக நகர்ந்தது. யாரும் அழவில்லை. அலுவலருக்கு அது போதும்.

ஊர்க்காவலன் எழுதிக் கொடுத்த அளவுகளைப் பார்த்து மேனேஜர் நெகிழ்ந்துபோனார். நாட்டில் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்த வாரத்தில் இந்தக் கம்பெனியில் மனித உடம்பின் சூடே இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டின் வெற்றி என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி அடுத்த வருடக் காலண்டரில் இதையே படமாகப் போட முடிவு செய்தார். அறைக்கு அறை இருமல் சரவெடி மாதிரி தொடர்ந்து கேட்டது. இருமல்தான் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டதே.

அந்தப் புதன்கிழமை பாண்டிமீனா வரிசையில் நின்றாள். முந்தின ராத்திரியே மூக்கு ஒழுகியது. தூசி என்று சொல்லியிருந்தாள். ஊர்க்காவலன் எப்போதும்போல விடிவதற்கு முன்பே சைக்கிளில் வந்துவிட்டார். இப்போது அவள் கண் சிவந்திருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். செப்டம்பர் வெயிலில் பல் அடித்துக்கொண்டது. உதடு ஆரஞ்சு.

அவர் தெர்மாமீட்டரை வைத்தார். எடுத்தார். தொண்ணூற்றைந்து. புறங்கையால் அவள் கழுத்தைத் தொட்டார். கொதித்தது.

"வீட்டுக்குப் போ தாயி. இல்ல, சாத்தூருக்குப் போயிருவோம்."

"சீசன் போயிரும்ப்பா. பாத்துட்டீகள்ல, தொண்ணூத்தஞ்சு. உள்ள விடுங்க."

"விட மாட்டேன்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. மேனேஜர் வந்து என்ன தாமதம் என்று கேட்டார். மகளுக்குக் காய்ச்சல், போனஸைப் பிடிக்காமல் லீவு கொடுங்கள் என்றார் ஊர்க்காவலன். மேனேஜர் தெர்மாமீட்டரை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"தொண்ணூத்தஞ்சுதான காட்டுது. இது சாதாவுக்கும் கீழ."

"கழுத்தத் தொட்டுப் பாருங்க சார். ஐஸு வச்சிருந்துச்சு சார் வாயில."

"அப்ப இம்புட்டு நாளும் இந்த அளவெல்லாம் பொய்யா? எழுதிக் குடுத்தது யாரு, நீரு. நீரு தகப்பன். இது கருவி. நான் யாரய்யா நம்ப?"

இத்தனை நாளும் கருவியை நம்பச் சொன்னவரே ஊர்க்காவலன்தான். பாண்டிமீனா அவரைத் தாண்டிப் போக ஓர் அடி எடுத்து வைத்தாள். அவர் வாசல் சங்கிலியை இழுத்து மாட்டிவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார்.

அந்த நேரம் முதலாளியின் கார் வந்தது. ஹாரன் கேட்டால் சங்கிலி தானாக இறங்கும் என்றுதான் டிரைவர் அதுவரை நினைத்திருந்தார். இன்று இறங்கவில்லை. காருக்குள் லட்சுமிகாந்தத்துடன் சிவகாசி பிரஸ்ஸிலிருந்து வந்த போட்டோக்காரரும் இருந்தார். வாசல், வரிசை, தெர்மாமீட்டரோடு வாட்ச்மேன் எல்லாம் ஒரே இடத்தில் அமைந்ததைப் பார்த்ததும் அவர் முதலாளியை இறங்கச் சொன்னார். முதலாளியே சோதனைக்கு வாய் திறப்பது போல ஒரு படம். காலண்டருக்கு அதைவிட என்ன வேண்டும்.

முதலாளி மகிழ்ச்சியோடு இறங்கினார். லேசாகத் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தவர், சட்டென்று மூடினார்.

"ஏய், இது இப்ப யாரு வாயில இருந்துச்சு?"

"எம்மக வாயில மொதலாளி."

"தொடச்சியா?"

"தொடச்சிட்டேன் மொதலாளி."

"அந்தத் துண்டுலயா?"

இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் வாய் அதுதான். ஊர்க்காவலன் துண்டைப் பார்த்தார். நாள் தவறாமல் அத்தனை பேர் வாயையும் வாங்கி அத்தனை பேர் வாய்க்கும் கொடுத்த துண்டு.

அலுவலக அறையிலிருந்து டெட்டால் வந்தது, கொதித்த தண்ணீர் ஆறவைத்து வந்தது, புதுப் பஞ்சு வந்தது. தெர்மாமீட்டர் குளித்து முடித்து முதலாளி வாய்க்குள் போனது. போட்டோக்காரர் இரண்டு படம் எடுத்தார். ஊர்க்காவலன் வெளியே எடுத்து, வழக்கப்படி உரக்க வாசித்தார்.

"நூத்தி மூணு."

முனியராஜ் வந்த பிறகு ஐஸ் வைக்காத முதல் வாயும் அதுதான்.

முதலாளி தள்ளாடிப்போய்க் கார் கதவைப் பிடித்தார். ராத்திரியிலிருந்தே உடம்பு ஒரு மாதிரி இருந்ததாகச் சொன்னார். பிறகு பாண்டிமீனாவைக் காட்டி, இவளிடமிருந்துதான் இந்த நிமிஷம் ஒட்டிவிட்டது என்றார். மேனேஜர் இதமான குரலில், அந்தப் பெண்ணுக்குத் தொண்ணூற்றைந்துதான் என்று ஆறுதல் கூறினார்.

"அப்ப எனக்கு எங்கன இருந்துய்யா வந்துச்சு?"

சின்ன முதலாளியின் ஏசி சளியைப் பற்றி யாரும் பேசவில்லை.

"ஐஸு வைக்காம ஒரு தடவ பாத்துருவோம் மொதலாளி," என்றார் ஊர்க்காவலன். "எல்லாருக்கும்."

பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு உத்தரவிட்டார். ஒருத்தரும் உள்ளே இருக்கக் கூடாது, எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும், இந்த நிமிஷமே. ஒருத்திக்கு லீவு கொடுக்காத கம்பெனி ஒரு வாரம் யாரையும் உள்ளே விடவில்லை. அறிவிப்புப் பலகையில் 'இயந்திரப் பராமரிப்புக்காக விடுமுறை' என்று எழுதினார்கள். எல்லாம் கைவேலையாக நடக்கும் அந்தக் கம்பெனியில் இயந்திரம் என்று சொன்னால் அந்தத் தெர்மாமீட்டர் ஒன்றுதான். பராமரிப்பு நாள்களுக்குச் சம்பளம் கிடையாது.

பாண்டிமீனாவை ஊர்க்காவலன் அன்றைக்கே சைக்கிளில் உட்காரவைத்துச் சாத்தூருக்குத் தள்ளிக்கொண்டு போனார். பானுப்பிரியா மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, கம்பெனியில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று விசாரித்தாள். அவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவள் அவர் தோளிலிருந்த துண்டை இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டாள்.

பாண்டிமீனா தேறிவிட்டாள். தை மாதம் பையன் பிறந்தான். அதற்குள் காலண்டரும் வந்திருந்தது. தெர்மாமீட்டரைக் கவ்விக்கொண்டு முதலாளி சிரிக்கிறார்; பக்கத்தில் அலுவலர் ஊர்க்காவலன் விறைப்பாக நிற்கிறார். கீழே தங்க எழுத்தில்: 'காய்ச்சலை வாசலிலேயே நிறுத்திய நிறுவனம்'. தன் படம் வந்த முதல் காலண்டர் என்று ஊர்க்காவலன் அதைத் தொட்டிலுக்கு எதிரே மாட்டினார். மாட்டியபின் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, கழற்றிவிடவா என்றார். எல்லாம் பொய்தானே.

"இருக்கட்டும்ப்பா," என்றாள் பாண்டிமீனா, தொட்டிலை ஆட்டிக்கொண்டே. "பொய் ஒண்ணும் இல்ல. காய்ச்சல வாசல்ல நிறுத்தத்தான் செஞ்சீக. வெளிய போக விடாம."