பத்தாவது வார்த்தை

"விரலை மடக்குங்க சார். ஆளை எண்ணக்கூடாது" என்றார் பெரியவர் லிப்போத்.

இன்ஸ்பெக்டர் இம்ரே விரலை மடக்கினார். அதற்குள் எண்ணி முடித்திருந்தார்: ஒன்பது கிழவர்கள். புடாபெஸ்டின் அந்தச் சின்ன யூதத் தொழுகைக் கூடத்தில் வெள்ளி விளக்கைக் காணவில்லை என்று புகார். கிழவர்கள் ஒவ்வொருவராக வாசல் நிலையில் வேத வசனம் வைத்துப் பதித்த சிறு பெட்டியைத் தொட்டு, விரலை முத்தமிட்டு உள்ளே வந்ததை அவர் அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று லிப்போத்தின் மனைவிக்கு வருஷ நினைவு நாள். அவளுக்கான பிரார்த்தனையை இருட்டுவதற்குள் சொல்லியாக வேண்டும். யூத ஆண்கள் பத்துப் பேர் இல்லாமல் சொல்ல முடியாது.

"நீங்க நம்மாளா?" என்று லிப்போத் நேராகவே கேட்டார்.

"கத்தோலிக்கன்."

பச்சைப் பொய். அம்மா யூதப் பெண், அவர்கள் முறைப்படி பிள்ளையும் யூதன்தான் என்பதும், நாலு வயதுவரை தாத்தா தோளிலேயே இந்த மாதிரிக் கூடங்களுக்குப் போனதும் ஸ்டேஷனில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே யூதர்களைக் கிண்டலடித்தால் முதலில் சிரிப்பவர் இம்ரேதான். தெரிந்துவிடுமோ என்ற பயம் அப்படிச் சிரிக்க வைத்தது.

லிப்போத் வருந்தியதாகத் தெரியவில்லை. வேத வரி ஒன்றில் பத்து வார்த்தைகள்; ஆளை எண்ணாமல் தலைக்கு ஒரு வார்த்தையாக முணுமுணுத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஒன்பது முகங்களுக்கு ஒன்பது வார்த்தை. பிறகு இம்ரேயின் பக்கம் பார்த்துப் பத்தாவதையும் சொன்னார்.

"சரியா இருக்கு."

இம்ரே திரும்பிப் பார்த்தார். பின்னால் வெறும் சுவர்.

அந்தப் பத்தாவது ஆள்தான் திருடன், இன்னும் உள்ளேதான் ஒளிந்திருக்கிறான் என்று அவருக்குப் பட்டது. கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மாடியில் தேடினார். துணியில் சுற்றி வைத்த வெள்ளி விளக்கு அங்கே இருந்தது. துடைத்துவிட்டு யாரோ மறந்திருக்கிறார்கள். ஆக, திருட்டே இல்லை. அப்படியானால் அந்தப் பத்தாவது ஆள் யார்?

கிழவர்களைச் சுவரோரம் வரிசையாக நிற்கவைத்து, எதிர் மூலைக்குப் போய் நின்றுகொண்டு, லிப்போத்தை மறுபடி சொல்லச் சொன்னார். பத்தாவது வார்த்தைக்கு லிப்போத்தின் பார்வை அந்த மூலைக்கு வந்தது. அலமாரிப் பக்கம் நகர்ந்தார். அங்கேயும் வந்தது. பூட்டிய கூடத்தில் அவர் பக்கத்து மெழுகுவர்த்தி மட்டும் ஆடியது. எவனோ தன்னோடு ஒட்டிக்கொண்டே வருகிறான் என்று தோன்ற, அவருக்கு வியர்த்தது.

"பெரியவரே, அந்த ஆள் இப்ப எங்க நிக்கிறான்?"

"அங்கதான் நிக்கிறான். பாவம், ரொம்பப் பயந்துபோயிருக்கான்."

இம்ரே கதவுக்கு ஓடினார். அவசரத்தில் சாவி பூட்டுக்குள் நுழைய மறுத்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து வாசலோரம் தரை துடைத்துக்கொண்டிருந்த கூடத்து வேலைக்காரி ஷரோல்தா நிமிர்ந்தாள்.

"எங்க சார் ஓடுறீங்க? உள்ள வரும்போது அந்தப் பெட்டியைத் தொட்டு நீங்களும்தானே முத்தம் குடுத்தீங்க. நான்தான் போய் பெரியவர்கிட்ட சொன்னேன்."