செருப்பு அலமாரியில் ஓடும் சர்வர்

இதில் முதல் பாதி நான் நேரில் பார்த்தது இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த எங்கள் சிஞ்சு நகரில், அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரரான யோ அண்ணன் மதியச் சாப்பாட்டில் சொன்னது.

"போன வருஷம் ஒரு முடிவெடுத்தேன்டா. பொண்ணு போட்டோ எதையும் ஊரான் கம்ப்யூட்டர்ல வைக்கிறதில்ல. சொந்த வீடு, சொந்த சர்வர்!"

வீட்டில் இடம் இருந்தது செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் மட்டும். அங்கே ஈரம் உறிஞ்சும் மெஷின் வைக்க வேண்டும் என்று அவர் மனைவி பெய்-ருங் இரண்டு மழைக்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் மழையில் ஷூவுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

சர்வர் வந்தது. படுத்தது. மகள் முதன்முதலாக நடந்த வீடியோவையும் கூடவே கொண்டுபோனது. பிறகு ஞாயிறு தவறாமல் படுத்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தார்.

"இன்னொரு தடவை படுத்துச்சுன்னா?" என்றாராம் அண்ணி.

"நானே தூக்கிப் போட்டுட்டு உன் மெஷினை வைக்கிறேன்."

"மிச்ச போட்டோவும் போச்சுன்னா?"

"போகாது. இனிமே காவலுக்கு ஆள் இருக்கு."

ஆள் என்றால் பச்சைப் பாக்கெட். தேங்காய் வாசனை அடிக்கும் சோள நொறுக்கு. அது பக்கத்தில் இருந்தால் மெஷின் மக்கர் பண்ணாது என்று ஒரு நம்பிக்கை; அது இல்லாத சர்வர் அறை எங்கள் ஊரில் அபூர்வம். பச்சை விளக்கு எரிய பச்சைப் பாக்கெட்தான் வேண்டும். காலாவதி ஆகக்கூடாது. யாரும் தின்னக்கூடாது. அண்ணன் அதைக் கீழ்க்கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டு, எங்கள் தொழிலின் முதல் விதியை வீட்டில் அறிவித்தார்: ஓடுகிற மெஷினைத் தொடாதே, திறந்தும் பார்க்காதே.

"அதுக்கப்புறம் ஒரு தடவைகூட நிக்கலடா! கதவு இடுக்குல பச்சை லைட்டு. கிர்ருனு சத்தம். அது விடுற சூட்டுல ஷூவெல்லாம் மொறுமொறுன்னு காயுது. பெய்-ருங் வாயே திறக்கல!"

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவன் நான். வேலை போய்விடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. அன்று மாலையே இரண்டு பாக்கெட் வாங்கி ஆபீஸில் என் மேசை மெஷின்மேல் வைத்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். சீக்கிரம் போய்விட்டேன். அண்ணன் மகளோடு பூங்காவில் இருந்தார். அண்ணி அந்தக் கீழ்க்கதவைத் திறந்து ஒரு தொட்டியை வெளியே இழுத்தார். தொட்டி நிறையத் தண்ணீர்.

"அண்ணி... சர்வர்ல எதுக்குத் தண்ணி?"

"எந்த சர்வர்? அது பாக்கெட் மாட்டின மறுவாரமே படுத்துடுச்சு தம்பி. எடுத்துப் போட்டுட்டு இந்த மெஷினை வெச்சேன்."

"ஐயோ, போட்டோவெல்லாம்?"

"அந்த வீடியோ போன அன்னைக்கே மிச்சத்தை மாச வாடகைக்கு ஊரான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். டிவியில அதைப் போட்டுப் பாத்துட்டுதான் 'என் சர்வரைப் பாரு'ன்னு எனக்கே பெருமை அடிக்கிறாரு."

"ஜெயிச்சது நீங்கதானே? சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா மறுபடி ரிப்பேருக்கு உக்காந்துடுவாரு. இப்பப் பாரு, ஞாயித்துக்கிழமை பொண்ணுகூட ஊஞ்சலாடுறாரு."

எனக்கு என் மேசை ஞாபகம் வந்தது. "அப்போ... இந்தப் பாக்கெட் வேலை செய்யாதா அண்ணி?"

"ஏன் செய்யாது? இத்தனை மாசமா அவர் கதவைத் திறக்கலியே!"

அண்ணி தண்ணீரை ஊற்றப் போனதும் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்தேன். புதுப் பாக்கெட். போன வாரம் மாற்றியதாகப் பேனாவால் எழுதி, கீழே பெய்-ருங் என்று கையெழுத்து.