பெட்டிக்குப் பெட்டி என் பேரு

அன்னிக்கு வேலை ரொம்ப சாதாரணம். பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் எடுக்கணும், அவ்ளோதான்.

ரெண்டாயிரமாவது வருஷத்துக்குக் கொஞ்சம் பின்னாடி நடந்தது. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில நான் கம்ப்யூட்டர் இன்சார்ஜ். இன்சார்ஜ்னா எனக்குக் கீழ ரெண்டு கம்ப்யூட்டர். மனுஷங்க யாரும் கிடையாது.

எக்செல்ல மேக்ரோ, அதாவது வேலையைத் தானா செஞ்சு முடிக்கற குட்டி புரோகிராம், எழுதத் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்னு ஒரு நெனப்பு வேற. ஒரே பட்டனை அமுக்கினா லிஸ்ட் வந்து விழும்னு மேனேஜர்கிட்ட வாயை விட்டுட்டேன். "விழட்டும்பா, சம்பளத்தை ஏத்திடறேன்"னாரு. சாயங்காலம் கன்டெய்னர் துறைமுகத்துக்குக் கிளம்பணும். லிஸ்ட் இல்லாம கேட்டைத் தாண்டாது.

மாடியில என் கம்ப்யூட்டர்ல அமுக்கினேன். பக்கத்துல இருந்த பெரிய பிரிண்டர் கடகடன்னு அடிச்சுத் தள்ளுச்சு. சம்பளம் ஏறிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

அதே ஃபைலைக் கீழ பேக்கிங் ஹால்ல, கிளார்க் ஸ்டெல்லாவோட கம்ப்யூட்டர்ல போட்டேன். எரர்!

பிரிண்டர் மாடியில இருக்கற அதேதான், ரெண்டு மெஷினுக்கும் பொது. ஆனா ஒவ்வொரு மெஷினும் பிரிண்டர் பேருக்குப் பின்னாடி தன் இஷ்டத்துக்கு ஒரு நம்பர் போட்டுக்குது. என் மெஷின்ல ஒண்ணு, ஸ்டெல்லா மெஷின்ல மூணு. மேக்ரோ ஒண்ணைத் தேடிட்டு முழிக்குது.

நம்பரை மாத்தியிருந்தா முடிஞ்சுது. நான்தான் மேதையாச்சே! 'எரர் வந்தா கண்டுக்காதே, அடுத்த வேலையைப் பாரு'ங்கற மாதிரி ஒரு வரியைச் சேர்த்தேன். எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் அப்படித்தான் வேலை பார்த்தாங்க. மேக்ரோவுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

எரர் போயே போச்சு. மாடிக்கு ஓடி பிரிண்டர் முன்னாடி கையைக் கட்டிட்டு நின்னேன். பேப்பர் வரல.

இன்டர்காம்ல ஸ்டெல்லாவை மறுபடி அமுக்கச் சொன்னேன். அமுக்கிட்டேன் சார், எரரே வரலைன்னாங்க. இன்னொரு தடவை அமுக்கச் சொன்னேன். பிரிண்டரை அணைச்சுப் போட்டேன். ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். அது தலையில ரெண்டு தட்டும் தட்டினேன். கடைசியா, நூறு காப்பின்னு போட்டு அமுக்குங்க, ஒண்ணாவது வருதான்னு பார்ப்போம்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே விளங்கல.

வெறுத்துப் போய்க் கீழ இறங்கினேன்.

ஹாலோட அந்தக் கோடியில ஒரு ஸ்டிக்கர் பிரிண்டர் இருக்கு. ஷூ பெட்டி மேல ஒட்டற ஸ்டிக்கரை அடிக்கறது. வேற பிரிண்டர் கிடைக்கலைன்னா ஸ்டெல்லா மெஷின் எதையும் அங்கதான் அனுப்பும். அனுப்பியிருக்கு.

உள்ளங்கை அகல ஸ்டிக்கர்ல என் லிஸ்ட் எங்க அடங்கும்? அடங்கினது, ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் நான் பந்தாவுக்குப் போட்டு வெச்சிருந்த வரி மட்டும்தான்: 'டேவிட், கம்ப்யூட்டர் இன்சார்ஜ்.'

நான் நீளமா, சுருள் சுருளா வந்துட்டே இருந்தேன். பேக்கிங் பொம்பளைங்க என்னைக் கிழிச்சுக் கிழிச்சு பெட்டி பெட்டியா ஒட்டிட்டே இருந்தாங்க.

சூப்பர்வைசர் காதர் பாய்கிட்ட ஓடினேன். "இன்னா பாய், படிச்சுப் பார்க்க மாட்டீங்களா?"

அவர் நிதானமா சொன்னாரு: "வர்ற ஸ்டிக்கரை ஒட்டறது எங்க வேலை சார். அதுல இன்னா இருக்கணும்ங்கறது உங்க வேலை."

பிய்ச்சா பெட்டியும் சேர்ந்து பிய்யுது. மேனேஜர் வந்து பார்த்தாரு. திட்டியிருந்தாகூடப் பரவாயில்ல. சரியான ஸ்டிக்கரை அது மேலயே ஒட்டுங்கன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. பேரணாம்பட்டு போற கம்பெனி பஸ்ஸை நிறுத்தி வெச்சாங்க. வீட்டுக்குப் போக வேண்டியவங்க அத்தனை பேரும் என்னை முறைச்சுக்கிட்டே என் பேரை மறைச்சாங்க. நானும் உக்கார்ந்து ஒட்டினேன். மானம் போச்சு.

லிஸ்டை மாடியிலயே அடிச்சுக் கொடுத்தேன். கன்டெய்னர் ஒருவழியா கிளம்பிடுச்சு. சம்பளப் பேச்சை மேனேஜர் எடுக்கல. கேக்கற தைரியம் எனக்கும் இல்ல.

சரக்கு போய்ச் சேர்ந்ததும் வெளிநாட்டுலேர்ந்து மெயில் வந்துச்சு. ஷூ எல்லாம் நல்லா இருக்கு, ஆனா சில பெட்டியில டேவிட்னு ஒரு மாடல் வந்திருக்கு, நாங்க அதை ஆர்டர் பண்ணலையே, என்ன விலைன்னு கேட்டிருந்தாங்க.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு மெயிலைக் காட்டினாரு.

"நீயே பதில் போட்டுடுப்பா. பழைய விலைதான், ஏத்தலைன்னு எழுது."