கோவம் எங்கன இருக்கு?

சங்கரன்கோவிலிலேயே வாய் நீளமான ஒரு பஸ் கண்டக்டரையும், வாய் அதைவிட நீளமான ஒரு கணக்கு வாத்தியாரையும் ஒரே ஒரு கேள்வியில் ஊமையாக்கியவள் உலகத்தில் ஒருத்திதான். அவளை நாங்கள் 'எங்கன' என்று கூப்பிட்டோம்.

அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் தங்கும் விடுதியில் அவள் என் அறைத்தோழி. இளையரசனேந்தல் பக்கம் ஊர். வந்த முதல் நாளே நான் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு, போனைக் கட்டிலில் எறிந்தேன். எதிர்க் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"எங்கன இருக்கு?"

"போனா? கட்டில்லதான் கெடக்கு."

"போன் இல்லட்டி, கோவம். நெஞ்சுலயா, தொண்டையிலயா?"

இப்படிக் கேட்பவளை அடிக்கலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கை தானாகப் போய்த் தொண்டையைத் தொட்டது. அட, அங்கேதான் இருந்தது!

"சரி, கொஞ்ச நேரம் அங்கனயே கெடக்கட்டும். வெரட்டாத" என்று சொல்லிவிட்டு அவள் பொது அறிவுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். பத்து நிமிடத்தில் நானே அம்மாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அதிர்ச்சி. அம்மாவுக்குப் பேரதிர்ச்சி.

ஒருநாள் வாசுதேவநல்லூர் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் ஏறினவர், இறங்கினவர், சும்மா உட்கார்ந்திருந்தவர் எல்லாரையும் ஏசிக்கொண்டே வந்தார். எங்கள் முறை வந்தபோது இவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, காலையில சாப்ட்டியளா?"

விசில் அவர் வாயிலிருந்து நழுவி விழுந்தது. "இல்லம்மா."

"அதான பாத்தேன். இது கோவம் இல்ல, பசி."

டப்பாவைத் திறந்து இரண்டு இட்லியை நீட்டினாள். எனக்கு மானமே போய்விட்டது. அவளைத் தெரியாதவள்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கண்டக்டர் நின்றபடியே சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஊர் போய்ச் சேரும்வரை ஒருவரையும் அவர் ஏசவில்லை.

கணக்கு வாத்தியார் விஷயம்தான் உச்சம். பயிற்சி வகுப்பில் மாதிரித் தேர்வுத் தாள்களை எங்கள் முகத்துக்கு நேரே வீசி எறிந்து, "நீங்கள்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு!" என்று கத்தினார். எங்கன எழுந்தாள்.

"சார், ஒங்களுக்குக் கோவமா, பயமா?"

நாற்பது பேர் மூச்சை நிறுத்திக்கொண்டோம். சார் அவளை வெளியே போகச் சொன்னார். போனாள். கொஞ்ச நேரத்தில் அவரும் வெளியே போனார். அவள் கன்னத்தில் அறை விழப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பயந்தான். இந்தத் தடவ ஒருத்தருமே பாஸாகலேன்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாவ."

வாத்தியாருக்கும் பயம் உண்டு என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அன்றுதான் அவர் நடத்திய கணக்கும் எங்களுக்குப் புரிந்தது.

சித்திரையில் தேர்வு முடிவு வந்தது. நான் தேறியிருந்தேன். அவள் தேறவில்லை. சிரித்துக்கொண்டே என் வாயில் லட்டைத் திணித்தாள். பிறகு ஆளைக் காணோம். தேடிப்போனால், துவைக்கும் கல்லருகே உட்கார்ந்து விடுதியிலிருந்த அத்தனை பேர் துணியையும் துவைத்துக்கொண்டிருந்தாள். துவைத்ததையே மறுபடியும் துவைத்தாள். விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"ஏட்டி, என்ன செய்யுது ஒனக்கு?"

"தெரியல. ஊருக்கெல்லாம் கேட்டுட்டுத் திரியுதேன். எனக்கு என்ன செய்யுதுன்னு எனக்கே தெரியலட்டி."

பக்கத்தில் உட்கார்ந்து துணிகளை அலசத் தொடங்கினேன். நாலாவது பாவாடையை அலசும்போது அவள் அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகையா அது? யாரோ விழுந்துவிட்டார்கள் என்று வார்டனம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. மூன்றாம் நாள் வார்டனம்மா கேட்டார்: "பாஸானவ இன்னும் ஏம்மா இங்கன இருக்க?"

"துணி காயல" என்றேன், சங்கரன்கோவில் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு.