அடுப்புக்கு லீவு

இந்தக் கோடையில் என் மனைவியை அடுப்படியிலிருந்து விடுதலை செய்வது என்று முடிவெடுத்தேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்பு அணைந்தால் தினமும் ஓட்டல் சாப்பாடு. என் கவலையெல்லாம் மொறுமொறுவென்று வறுத்த கோழிக்காலைப் பற்றித்தான்.

"இந்த வெயில்ல நீ அடுப்பு முன்னால நின்னு வேகறதைப் பாத்தா மனசு கேக்கல. நாளையிலேருந்து அடுப்புக்கு லீவு விட்டுடு" என்றேன். குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"ஒருத்தர் வேர்வையில இன்னொருத்தர் வயிறு ரொம்பறது பாவம்மா."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்து, கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டில் வெள்ளரிக்காய். பக்கத்தில் தர்பூசணி. ஒரு கிண்ணம் தயிர். தயிருக்குள்ளும் வெள்ளரிக்காய்.

"பார்சல் இன்னும் வரலையா?"

"என்ன பார்சல்?"

"ஓட்டல்லேருந்து..."

"அங்கேயும் ஒருத்தர் அடுப்பு முன்னால வெந்துட்டுதானே இருப்பாரு? உங்க இளகின மனசு தாங்குமா? வெயிலுக்கு இதுதான் நல்லது. மென்னு சாப்பிடுங்க."

சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது இதுதான். ஒரு வாரம் மென்றேன். உடம்பு குளிர்ந்தது உண்மை. வயிறுதான் எரிந்தது. தும்மினால் தர்பூசணி விதை விழுந்தது.

அதற்கு மேல் முடியவில்லை. நான் வேலை பார்க்கும் செருப்புக் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு, நாலு தெரு தள்ளியிருந்த ஓட்டலுக்குள் நுழைந்தேன். மூலை மேஜை. கோழிக்கால் வந்தது. தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாதென்று குனிந்த தலை நிமிராமல் கடித்தேன். பக்கத்து மேஜைக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஆறாம் நம்பர். நீல வார். இடது குதிகால் கொஞ்சம் தேய்ந்திருந்தது. என் கையால் நானே மாட்டிவிட்ட செருப்பு.

நிமிர்ந்தேன். மனைவி. அவளுக்கு எதிரே அவள் தம்பி, எலக்ட்ரீஷியன். இருவர் தட்டிலும் எலும்புக் குவியல்.

"நீ... இங்க..."

"நான் கேட்டுட்டுத்தாங்க உக்காந்தேன்" என்றாள் நிதானமாக. "நேரா அடுப்படிக்கே போய் மாஸ்டரை விசாரிச்சேன். தலைக்கு மேல ஒரு ஃபேன், பக்கத்துல ஒரு ஃபேன். வேர்வையே கிடையாதுன்னாரு. அப்புறம்தான் எனக்குச் சாப்பாடு இறங்குச்சு. நீங்க விசாரிச்சீங்களா?"

நான் விசாரிக்கவில்லை. வாயில் கோழி இருந்ததால் பொய் சொல்லவும் வழியில்லை.

மச்சினன் இடையில் புகுந்து காப்பாற்றினான். "விடுக்கா. மாமா, நாளைக்கே வீட்டு அடுப்படியில ரெண்டு ஃபேன் மாட்டிடறேன். அப்புறம் அங்க நிக்கிறது ஒரு கஷ்டமே இல்ல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா. இனிமே வீட்லயே சுடச்சுடச் சமையல்" என்றேன்.

"ஆமாங்க" என்றாள் மனைவி. "ஆனா என்னை மறுபடியும் அடுப்பு முன்னால நிறுத்த உங்க மனசு கேக்காதே. அதனால நீங்களே நின்னுக்குங்க."

ஃபேன் நன்றாகத்தான் ஓடுகிறது. வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் உடனே காய்ந்துவிடுகிறது.